மஞ்சள் ஒட்டாத தீபாவளி

அந்த ஐப்பசியில் ஈரோட்டில் புதுத்துணியின் மேல் மஞ்சள் ஒட்டாமல் போனது. ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது. தையற்கடையில் ரவிக்கை வாங்க வேண்டும், முறுக்குக்கு மாவு அரைக்க வேண்டும், சம்பந்தி வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டும், இத்தனைக்கும் நடுவில் இது வேறயா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். மஞ்சளையும் துணியையும் விற்றே பிழைக்கிற ஊர் அது. மண்டியில் மஞ்சள் மூட்டையைப் பிரித்தால் பக்கத்துத் தெருவே தும்மும், ஜவுளிச் சந்தை கூடுகிற நாளில் துணிக்கட்டுகளுக்கு நடுவே ஆட்கள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். அந்த ஊரில் புதிதாக வாங்கியது பட்டுச் சேலையானாலும் கைக்குட்டையானாலும், ஈர மஞ்சளை ஒரு விரலால் தொட்டு அதன் ஓரத்தில் வைக்காமல் யாரும் உடம்பில் போட்டதில்லை.

முதலில் அதைப் பார்த்தது மின்வாரியத்தில் வேலை செய்கிற ஒரு கணக்கரின் மனைவி. கல்யாணத்துக்குக் கட்டிப் போக எடுத்த சேலையின் முந்தியில் அவள் மஞ்சள் வைத்துவிட்டு விரலை எடுத்ததும், அந்த மஞ்சள் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீரைப் போல நடுங்கி, குன்றிமணி அளவுக்குத் திரண்டு, சேலை மடிப்புகளில் இறங்கி, தரையில் குதித்து, சமையலறைக்குள் உருண்டு போய், பாத்திரம் இறக்குவதற்காக மேடையில் கிடந்த கரித்துணியின் மேல் ஏறிப் பரவி ஒட்டிக்கொண்டது. அந்தக் கரித்துணி ஒரு காலத்தில் அவள் அம்மா கட்டிய சுங்குடிச் சேலை. பிறகு நேரமாகிவிட்டது என்று மஞ்சள் இல்லாமலே சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாள். ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஒருத்தியுடைய சேலையை இரவல் வாங்கிக் கட்டியது போல நாள் முழுக்க இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு எல்லா வீட்டிலும் இதுதான். மண்டிக்காரர்கள் துணியில் நைலான் கலப்பு என்றார்கள், ஜவுளிக்காரர்கள் மஞ்சளில் மாவுக் கலப்பு என்றார்கள், இரண்டு பக்கமும் சங்கக் கூட்டம் போட்டு டீ குடித்துப் பிரிந்தன. மஞ்சள் கையில் பிடித்தது, கன்னத்தில் பிடித்தது, நிலைப்படியில் பிடித்தது, தாலிக் கயிற்றில் பிடித்தது. புதுத்துணியை மட்டும் அது கண்டுகொள்ளவில்லை. அதனால் துணி வாங்குவது குறைந்துவிடும் என்று கடைக்காரர்கள் முதலில் பயந்தார்கள், ஆனால் நடந்தது வேறு. இந்தச் சேலையில் ஒட்டாவிட்டால் அந்தச் சேலையில் ஒட்டும், இந்தக் கடைத் துணியில் ஒட்டாவிட்டால் எதிர்க்கடைத் துணியில் ஒட்டும் என்று ஜனங்கள் முன்னைவிட அதிகமாக வாங்கினார்கள். ‘மஞ்சள் பிடிக்கும் சேலைகள், இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்’ என்று பதாகை கட்டினார்கள். ஒரு கடையில் ஓரத்தில் மஞ்சளை அச்சடித்தே சட்டை விற்றார்கள். இன்னொரு கடையில் புதுச்சட்டையை நூறு முறை துவைத்து, கல்லில் தேய்த்து, காலரை நைய வைத்து, பழசு போலவே ஆக்கிக் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து மஞ்சள் இன்னும் வேகமாக உருண்டு ஓடியது.

உருண்ட மஞ்சள் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு துணியைத் தேடிப் போனது. ஒரு வீட்டில் தொட்டில் கட்டிய சேலைக்குப் போனது, ஒரு வீட்டில் இறந்துபோனவரின் வேட்டிக்குப் போனது, நகைக்கடைக்காரர் ஒருவர் வீட்டில் கார் துடைக்கிற துணிக்குப் போனது. டிரைவர் அதைப் பிழிந்து பார்த்துவிட்டு, முதலாளி பள்ளிக்கூடம் போன நாளில் போட்ட அரைக்கால் சட்டை அது என்று கண்டுபிடித்தார். வீட்டுக்குள் தேடியது கிடைக்காத மஞ்சள் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. தெருக்கூட்டுகிற பெண்கள் துடைப்பத்தைத் தூக்கி அதற்கு வழி விட்டார்கள். கடைவீதியில் திருடர்களைக் கண்காணிக்கக் கட்டிய கோபுரத்தின் மேல் நின்ற போலீஸ்காரர், பர்ஸையும் குழந்தைகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்ன அதே குரலில், மஞ்சள் உருண்டைகளை மிதிக்காமல் ஓரமாக நடக்கும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்.

மூலப்பாளையத்தில் மாடி வைத்த வீட்டில் இருந்த சாந்தாமணிக்கு மட்டும், தன் வீட்டு மஞ்சள் எங்கே போகிறது என்று அது தரையில் குதிக்கும் முன்பே தெரியும். மகள் கோகிலாவுக்கு அது தலைத் தீபாவளி. தை மாதம் கல்யாணமாகி பெங்களூர் போனவள், மாப்பிள்ளையோடு வரப்போகிறாள். அதற்காகச் சாந்தாமணி ஒரு மாதமாகக் கடைகடையாக ஏறி இறங்கியதில் குதிகால் வெடித்திருந்தது. வாங்கியதையெல்லாம் கூடத்துச் சோபாவில் அடுக்கி, சோபா போதாமல் சாப்பாட்டு மேஜையில் அடுக்கி, அதுவும் போதாமல் அவளும் அவள் வீட்டுக்காரர் தங்கமுத்துவும் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டியின் ஓரத்தில் அவள் மஞ்சள் வைத்த அன்று, அது உருண்டு, நடைவழியில் ஓடி, சுவரில் ஏறி, பரணுக்குள் நுழைந்தது. அங்கே பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி இருந்தது.

“ஏனுங்க, பரண்ல எலி ஓடுது. ஒரு பலகைய வெச்சு அடைச்சுப்போடுங்க.”

தங்கமுத்து அண்ணாந்து பார்த்தார். “எலியா? மஞ்சளாட்டம் தெரிஞ்சுது?”

“மஞ்சள் எலி.”

துண்டு வியாபாரத்தில் பலவகை ஆட்களைப் பார்த்தவர் அவர், மறுபேச்சுப் பேசாமல் பலகை வைத்து அடைத்தார்.

பெட்டிக்குள் ஒரு கவுன் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தைத்தது. அதைப் பற்றிச் சொல்ல, அவர்கள் முன்பு இருந்த கிணத்தடி லைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கிணற்றைச் சுற்றி எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள், எல்லாம் சாயப்பட்டறைக்கும் தறிக்கும் போகிறவர்களின் வீடுகள், பொதுவாய் ஒரு துவைக்கிற கல். தீபாவளிக்கு முந்தின சந்தை நாளில், வியாபாரிகள் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற நேரமாகப் பார்த்து, லைன் ஆண்கள் கூட்டாகப் போய் ஒரே ஒரு துணிக்கட்டு வாங்கி வருவார்கள். அச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட துணியாக இருக்கும். பூவின் கோடு ஓர் இடத்தில் இருக்கும், அதற்குள் விழ வேண்டிய நிறம் அரை விரல் தள்ளி விழுந்திருக்கும், அதனால் ஒவ்வொரு பூவும் தன் நிழலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தது போல இருக்கும். லைனில் தையல் மிஷின் வைத்திருந்தவள் சாந்தாமணி ஒருத்திதான். கிணற்றடியில் பாயை விரித்து, பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்து அவள் அளவெடுப்பாள். பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குக் கவுன், மிச்சத்தில் தலையணை உறை, அதிலும் மிச்சத்தில், கயிறு ஓடுகிற கிணற்றுச் சகடைக்கு ஒரு நாடா. தீபாவளி அன்று லைன் பிள்ளைகள் எல்லாரும், தலையணைகளும் கிணறும் உட்பட, ஒரே பூவில் நிற்பார்கள். ஒரு பிள்ளை கடைவீதியில் தொலைந்தால்கூட, பார்க்கிறவர்கள் “இது அச்சு வெலகின லைன் புள்ள” என்று கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

கடைசியாகத் துணிக்கட்டு வாங்கிய ஆண்டில் சாந்தாமணி எல்லாப் பிள்ளைகளுக்கும் தைத்தாள், கோகிலாவுக்கும் தைத்தாள். இடுப்பில் நெருக்கச் சுருக்கு வைத்து, பக்கத்தில் ஒரு பாக்கெட்டும் வைத்து, வழக்கம் போல ஓரத்தில் மஞ்சளும் வைத்தாள். ஆனால் அந்த மாதம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடையைத் தாண்டிப் போகும்போது, பொம்மையின் மேல் சந்தன நிறத்தில் வலை வைத்த கவுன் ஒன்றை அவள் பார்த்திருந்தாள். தன் பிள்ளை அதைப் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே நாளெல்லாம் மிஷினை மிதித்து, சேர்ந்த கூலியில் அதை வாங்கினாள். தீபாவளி அன்று கோகிலா அந்த வலைக் கவுனில் வெளியே வந்தபோது லைன் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சாந்தாமணிக்கு வயிறு குளிர்ந்தது. பிறகு, வலை பற்றிக்கொள்ளும் என்பதால் மத்தாப்பு வேண்டாம் என்றாள், கறை பட்டுவிடும் என்பதால் பலகாரத்தைக் கையில் தரவில்லை, துவைக்கிற கல்லின் மேல் ஒரு துண்டை விரித்து மகளை அதில் உட்கார வைத்து, “எந்திரிக்காத சாமி, அழுக்காயிரும்” என்றாள். பூப்போட்ட பிள்ளைகள் கிணற்றைச் சுற்றி ஓடின. கோகிலா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுச் சம்பூரணம் தன் மகளுக்குக் கடையில் எடுத்தாள். அதற்கடுத்த தீபாவளிக்கு எல்லாரும் கடையில் எடுத்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை, துணிக்கட்டு வாங்கப் போக ஆள் இல்லாமல் போனது. வசதி வந்தபோது ஒவ்வொரு வீடாகக் காலி செய்து ஊரின் ஒவ்வொரு மூலைக்குப் போனார்கள். கிணற்றை மூடி அந்த இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். போடாத கவுன் மட்டும், வாடகை வீட்டிலிருந்து சொந்த வீடு வரைக்கும், சாந்தாமணி தூக்கிப் போட நினைத்துப் போடாமல், பெட்டியின் அடியில் கூடவே வந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் கோகிலாவும் மாப்பிள்ளை நந்தகுமாரும் காரில் வந்து இறங்கினார்கள். காரின் பின்சீட்டு முழுக்க ஜிகினாத் தாள் சுற்றிய பெட்டிகள். அவற்றையும் கூடத்தில் இறக்கி வைத்ததும், உட்கார இடம் இல்லாமல் நால்வரும் நின்றார்கள்.

“அம்மா, இது என்ன வீடா, கடையா?”

“உனக்கும் மாப்பிள்ளைக்குந்தான் கண்ணு. மொதத் தீபாவளி. நாலு பேரு பாப்பாங்கல்ல?”

“நாலு பேரும் எங்கம்மா வரப்போறாங்க? எல்லாரும் கடையிலதான நிக்கறாங்க.”

“சரி, அப்ப நீ கொண்டாந்திருக்கறது என்னவாம்?”

கோகிலாவின் முகம் வாடியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. “மூணு வாரமா ஆபீஸ் விட்டு வந்து இதே வேலைதான். யாருக்கு எது வாங்கறது, அவங்க போன தடவ நமக்கு என்ன குடுத்தாங்க, இது அதவிடக் கம்மியாத் தெரியுமான்னு. கனவுலகூட ரிப்பன் கட்டறேம்மா.” பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நாளைக்கு மத்தியானம் சாப்புட்டதும் கெளம்பணும். சத்தி அத்தை ஊடு, கோபி பெரியப்பா ஊடு, அந்தியூர் சித்தி ஊடு, எல்லா ஊட்டுலயும் இந்தப் பெட்டியக் குடுக்கணும்.”

மத்தியானமா என்று சாந்தாமணி கேட்கவில்லை. பத்து மாதமாகக் காத்திருந்தது ஓர் அரை நாளுக்குத்தானா, அதிலும் பாதி ரவிக்கை அளவு பார்ப்பதிலும் மீதி போட்டோ எடுப்பதிலும் போய்விடுமே என்றும் சொல்லவில்லை. “காப்பி ஆறுது, குடி” என்றாள். நந்தகுமார் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்தவன், பெட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் கண்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். அவனைக் கவனிக்காமல் தங்கமுத்து ஒரு பையை அவன் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் சாந்தாமணி பூஜை அறையில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகளுக்கு எடுத்ததில் ஒன்றிலாவது ஒட்டட்டும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். மாம்பழ நிறப் பட்டில் வைத்தாள், உருண்டது. சுடிதாரில் வைத்தாள், உருண்டது. எல்லாம் நடைவழியில் ஓடிச் சுவரில் ஏறி, பலகைக்கு வெளியே, ரேஷன் கடையில் நிற்பவர்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கோகிலா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“பரண்ல என்னம்மா இருக்குது?”

“எலி.”

“எலிக்கு எதுக்கு மஞ்சள்?”

அதற்குள் வாசல் கேட்டை யாரோ ஆட்டினார்கள். சாந்தாமணி எட்டிப் பார்த்தாள். படியில் ஒரு மஞ்சள் உருண்டை முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், பெரியவலசில் இருந்து அதைத் தொடர்ந்தே நடந்து வந்ததில் மூச்சு வாங்க, சம்பூரணம் நின்றாள். அவர்கள் பேசிக்கொண்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைகூடத் தபாலில்தான் போனது.

“நாங்களா வல்லீங்க சாந்தாமணியக்கா. எங்கூட்டு மஞ்சள் வந்துது, பொறத்தாலயே நாங்களும் வந்தம்.”

“வா சம்பூரணம். உள்ள வா.”

“எங்க வாறது? ஊட்டுக்குள்ள கால் வெக்க எடமில்லாம ஜவுளிக்கடை வெச்சிருக்கறீங்க.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “எங்கூடும் இதே லட்சணந்தான், உடுங்க.”

அவளுக்குப் பின்னால் தெருவில் இன்னும் உருண்டைகள் வந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஆள் வந்தார். சாயப்பட்டறையில் எடுபிடிப் பையனாக இருந்து இப்போது பஸ் கண்டக்டராகிவிட்ட சின்ராசு, கடைவீதியில் அத்தனை கூட்டத்திலும் போலீஸ்காரர் மைக்கில் வழி விடச் சொன்னதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அந்த லைனில் சட்டையும் கவுனும் போட்டு ஓடிய பிள்ளைகள் மீசையோடும் கைக்குழந்தையோடும் வந்தார்கள். சூரம்பட்டியில் இருந்து வந்தார்கள், கருங்கல்பாளையத்தில் இருந்து வந்தார்கள், எல்லாரும் கையில் கடைப்பையோடு வந்தார்கள். உருண்டைகள் அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் நடைவழியில் ஓடிச் சுவரில் ஏறின. சுவர் முழுக்க மஞ்சளாகி, கல்யாண வீட்டுச் சுவரைப் போல ஆனது.

எல்லாரும் அண்ணாந்து பரணைப் பார்த்தார்கள், பிறகு குனிந்து சாந்தாமணியைப் பார்த்தார்கள்.

“எலி பெரிய எலியாத்தான் இருக்கும்” என்றார் தங்கமுத்து மெதுவாக.

நந்தகுமார் விழித்துக்கொண்டான். அத்தனை பேர் நிற்பதைப் பார்த்து அவசரமாக எழுந்து, தலைத் தீபாவளியில் மாப்பிள்ளைக்கு இதுவும் ஒரு முறை போலிருக்கிறது என்று நினைத்து, ஸ்டூலைப் போட்டு ஏறிப் பலகையை எடுத்தான். உருண்டைகள் அவன் காதோரமாக உள்ளே பாய்ந்தன. அண்டாவை நகர்த்தித் தகரப் பெட்டியை இறக்கினான். மூடியைச் சாந்தாமணிதான் திறக்க வேண்டியிருந்தது, வேறு யாரும் தொடவில்லை.

கவுன் மடித்த மடிப்பில் இருந்தது. அச்சு விலகிய நீலப் பூக்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கழற்றி வைத்த நிறம். ஓரத்தில் இருபது ஆண்டுக்கு முன்பு அவள் வைத்த மஞ்சள் வெளுத்துப் போய் ஒரு விரல் தடமாக இருந்தது. புதிதாக வந்த மஞ்சளெல்லாம் அதைச் சுற்றி, கிணற்றைச் சுற்றி உட்கார்ந்தது போல உட்கார்ந்தது.

“கடைசிக் கட்டு” என்றான் சின்ராசு. “இதுல எனக்கு ஒரு சட்டை இருந்துது. பொத்தானெல்லாம் வேற வேற நெறம்.”

“எங்கூட்டுல தேச்சுத் தேச்சுப் போட்டுக் கடைசியாத் தறிக்கு எண்ணெ தொடைச்சம். இது என்னக்கா, தெச்ச கையோட இருக்குது?” சம்பூரணம் கேட்டுவிட்டுக் கோகிலாவைப் பார்த்தாள், பிறகு அவளுக்கே நினைவு வந்து பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

சாந்தாமணி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. “உனக்குத் தெச்சதுதான். வலைக் கவுனு எடுத்ததால போட்டு உடுல. உனக்குத் தெரியாது, நீ சின்னப் புள்ள.”

“தெரியும்மா” என்றாள் கோகிலா.

அவள் தரையில் உட்கார்ந்து, கவுனின் பக்கவாட்டில் தடவி, அவ்வளவு சிறிய பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டாள். உள்ளேயிருந்து ஒரு சுருள் கேப்பு வந்தது, சிவப்புத் தாளில் கறுப்புப் பொட்டுப் பொட்டாக மருந்து வைத்து, கல்லால் தட்டி வெடிக்கிற சுருள். சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது.

“அன்னிக்கு நீ தண்ணி சேந்தப் போயிருந்தப்ப, பெட்டியத் தொறந்து இதுல வெச்சேன். மத்தியானத்துக்குள்ள நீ எப்படியும் இத மாத்தி உட்ருவன்னு நெனச்சேன்.”

சாந்தாமணிக்கு அந்தத் தீபாவளி முழுவதும், காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும், கல்லின் மேல் மகள் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிடமும், இப்போதுதான் வேறு ஒன்றாகத் தெரிந்தது. அழகாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து அவள் சந்தோஷப்பட்ட நேரத்தில், கவுனை மாற்றிவிட அம்மா கூப்பிடுவாள் என்று பிள்ளை காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

“அப்பவே கேட்டிருக்கலாமல்ல சாமி?”

“நீ அவ்வளவு சந்தோசமா இருந்தியேம்மா.”

சாந்தாமணி கவுனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதை அப்படியே மடித்து உள்ளே வைத்துவிட வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அதைக் கண்டுகொண்டவள் கோகிலாதான். “இனி எனக்குப் பத்துமா இது? வெட்டும்மா” என்றாள். “எல்லார் துணிக்கும் ஒரு துண்டு வரும். இதோட மஞ்சள் எல்லாத்துலயும் ஒட்டட்டும்.”

“வெட்டுனா அப்பறம் ஒண்ணுமில்லடி.”

“இருவது வருசம் வெட்டாமயே வெச்சிருந்து என்ன பண்ணுன?”

தங்கமுத்து யாரும் சொல்லாமலே போய், மாடிப்படிக்குக் கீழே கிடந்த மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து எண்ணெய் விட்டார். சாந்தாமணி இடுப்புச் சுருக்கின் நூலை ஒரு முனையில் பிடித்து இழுத்தாள். நெருக்க வைத்த சுருக்குகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, அந்தச் சிறிய கவுனுக்குள் இத்தனை துணியா என்று கேட்கும்படி, பாவாடை கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் விரிந்தது. அவள் அதை நீளநீளமாகக் கிழித்தாள். துணி கிழிகிற சத்தத்தில் லைனில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிணற்றுச் சகடையின் சத்தம் கேட்டது.

பிறகு உட்கார இடம் தேவைப்பட்டது. ஜிகினாப் பெட்டிகள்தான் கைக்கு எட்டின. சத்தி அத்தையின் பெட்டியில் சம்பூரணம் உட்கார்ந்தாள், கோபி பெரியப்பாவின் பெட்டியில் சின்ராசு உட்கார்ந்தான், அது நடுவில் அமுங்கி, உள்ளே முந்திரியும் பாதாமும் நொறுங்கும் சத்தம் கேட்டது. எழுந்தான். “உக்காருங்க மாமா, நொறுங்குனது நொறுங்கியாச்சு” என்றாள் கோகிலா. அந்தப் பெட்டியைப் பிரித்து நடுவில் வைத்தார்கள். ஆளாளுக்குக் கடைப்பையிலிருந்து புதுத்துணியை எடுத்து, அதன் உள்மடிப்பில் பூத்துண்டை வைத்துத் தைத்தார்கள். மிஷின் ஒன்றுதான், அதனால் பாதிப் பேர் கையிலேயே தைத்தார்கள். சின்ராசுவின் தையலைப் பார்த்து, இந்தக் கையில்தானா பஸ் டிக்கெட் கிழிக்கிறாய் என்று சம்பூரணம் கேட்டாள். யார் வீட்டுத் தலையணை உறை அதிக நாள் வந்தது என்று ஒரு வழக்கு நடந்தது. கிணற்றில் விழுந்த அண்டாவை எடுத்தது யார் என்று இன்னொரு வழக்கு நடந்தது. அது அன்றைக்கும் தீரவில்லை. நந்தகுமார் எல்லாருக்கும் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், “எனக்கும் ஒரு துண்டு உண்டுங்களா அத்தை?” என்று கேட்டான்.

“உங்களுக்கில்லாமயா மாப்பிள்ளை” என்று அவன் வேட்டியின் ஓரத்தில் சாந்தாமணியே தைத்தாள்.

துண்டு வைத்துத் தைத்த துணியில் மஞ்சளை வைத்தார்கள். அது ஒரு தரம் நடுங்கியது, பிறகு பரவி ஒட்டிக்கொண்டது.

மறுவாரமே ஊரில் இந்தச் செய்தி பரவி, ‘மஞ்சள் ஒட்ட வைக்கும் பாரம்பரியப் பழந்துணித் துண்டு’ என்று பாக்கெட் போட்டுக் கடைகளில் தொங்கவிட்டார்கள், நன்றாகவே விற்றது. மஞ்சள் அதையும் கண்டுகொள்ளவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் சில வீடுகளில் ஒட்டியது, சில வீடுகளில் உருண்டது, ஜனங்கள் மழையைப் பற்றிப் பேசுவது போல அதைப் பற்றிப் பேசப் பழகிக்கொண்டார்கள்.

அந்தத் தீபாவளி விடிந்தபோது மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எண்ணெய் வைத்துத் தண்ணீர் வார்த்தாகிவிட்டது. கோகிலா பட்டு வேண்டாம் என்று, கவுனின் அந்தப் பாக்கெட்டை மட்டும் பிரித்து, அம்மாவிடம் சுடிதாரின் பக்கவாட்டில் தைத்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நந்தகுமார் போனில் சத்தி அத்தையிடம், பெட்டி அமுங்கிவிட்டது, அதனால் நாளைக்கழித்துத்தான் வருவோம் என்று, ஏதோ வண்டி பழுதானதைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். தெரு முழுக்க வெடிச் சத்தம். கோகிலா வாசலுக்கு வெளியே, மழை பெய்து காய்ந்தும் காயாமலும் கிடந்த மண்ணில் குந்தி உட்கார்ந்து, சுருளைப் பிரித்து ஒரு கல்லின் மேல் வைத்து, இன்னொரு கல்லால் தட்டினாள். புகையவும் இல்லை. அடுத்த பொட்டைத் தட்டினாள். அதுவும் இல்லை. தட்டத் தட்டத் தாள்தான் நைந்தது.

சாந்தாமணி படியில் நின்று பார்த்தாள். மாம்பழ நிறப் பட்டை, மகள் வேண்டாம் என்று விட்டதால், அவள் கட்டியிருந்தாள். சுடிதாரின் ஓரம் சேற்றில் படுவதைப் பார்த்ததும் பழைய வார்த்தை நாக்குவரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டுப் படியிறங்கி, கொசுவத்தைக்கூடத் தூக்கிச் செருகாமல், மகளுக்கு எதிரே மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

“தள்ளு. உனக்குக் கல்லுப் புடிக்கவே தெரியல.”

கடைசிப் பொட்டு ஒன்று இருந்தது. கோகிலா அதை விரலால் நகர்த்திக் கல்லின் நடுவில் வைத்தாள். சாந்தாமணி தட்டினாள். அத்தனை ஆயிரம்வாலாச் சத்தத்துக்கும் நடுவில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற அளவில், அது வெடித்தது.